கணிப்பொறியின் வருகைப் பதிவேடு

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிப்பொறி அறிவியல்)

தோற்றுவாய்

நாள்தோறும் முதல் பாடவேளையில் விரிவுரையாளர் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடுகிறார். "உள்ளேன் ஐயா" என்ற குரல் வந்த இடத்தில் ஒரு குறி. வராத இடத்தில் வேறொரு குறி. பருவ முடிவில் அந்தக் குறிகளை எண்ணித்தான் ஒருவன் தேர்வு எழுதலாமா கூடாதா என்பது முடிவாகிறது. அச்சிறு குறிக்கு எத்துணை ஆற்றல் உண்டு என்பதை மாணவ நண்பர்களுக்கு நான் எடுத்துரைக்கத் தேவையில்லை.

கணிப்பொறிக்கும் இத்தகைய பதிவேடு ஒன்று உண்டு. யார், எந்நாளில், எத்தனை மணிக்கு, எந்த முனையத்தின் வழியே உள்ளே வந்தார், எப்போது வெளியேறினார் என்பதை அது எழுதி வைக்கிறது. நெடுநாள் வராதவருடைய கணக்கைப் பூட்டும் வழிகளும் அதனிடம் உள்ளன. அப்பதிவேடு எவ்வாறு எழுதப்படுகிறது, வராதவர் கணக்கை ஏன் பூட்ட வேண்டும், எப்படிப் பூட்ட வேண்டும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வாண்டு எங்கள் துறை ஆய்வுக்கூடத்தில் இந்தப் பணி எனக்குத் தரப்பட்டது. அதில் நான் செய்த பிழையையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கணிப்பொறியை நான் முதன்முதலில் தொட்டதே மேல்நிலை வகுப்பில்தான். ஆகவே எனக்கு எந்த வரிசையில் புரிந்ததோ அந்த வரிசையிலேயே சொல்லிச் செல்கிறேன். பிற துறை நண்பர்களும் படித்துப் புரிந்துகொள்ளலாம்.

பெயரும் கடவுச்சொல்லும்

தொடக்க காலத்தில் ஒரு கணிப்பொறியை ஒரு நேரத்தில் ஒருவரே பயன்படுத்தினர். அப்போது யார் வந்தார் என்று இயந்திரம் கேட்க வேண்டிய தேவை இல்லை. ஒரே இயந்திரத்தைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் முறையை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ என்பவரும் அவர் குழுவினரும் உருவாக்கி, 1961 ஆம் ஆண்டு நவம்பரில் செய்து காட்டினர். பலர் பகிரும்போது ஒருவர் கோப்பை மற்றவர் தொடக்கூடாதல்லவா? ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரும் ஒரு கடவுச்சொல்லும் தரப்பட்டன. கோர்பட்டோவுக்கு 1990 ஆம் ஆண்டின் டூரிங் விருது வழங்கப்பட்டது.

பூட்டு வந்தால் கள்ளச் சாவியும் வரும் என்பது உலக வழக்கு. 1962 இல் அதே கழகத்தின் ஆராய்ச்சி மாணவர் ஆலன் ஷெர், தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதவில்லை என்று, எல்லாருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டு, பிறர் பெயரில் நுழைந்து வேலை செய்தார். ஒருவர் பெயரில் வந்தவர் அவரேதான் என்பதற்கு உறுதி இல்லை என்பதை அந்நிகழ்ச்சி அன்றே காட்டிவிட்டது. நம் வகுப்பறையில் இதற்கு 'ப்ராக்ஸி' என்று பெயர்!

வருகையை எழுதி வைக்கும் பழக்கமும் பழமையானதே. பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யூனிக்ஸ் இயக்க முறைமையின் முதல் கையேடு 1971 நவம்பரில் வெளிவந்தது. இன்று நாம் பயன்படுத்தும் வருகை ஏடுகள் இரண்டின் பெயர்கள் அந்த முதல் கையேட்டிலேயே காணப்படுகின்றன. யூனிக்ஸ் வழியைப் பின்பற்றி 1991 இல் தோன்றிய லினக்ஸ் அம்முறையை அப்படியே ஏற்றுக்கொண்டது. எங்கள் ஆய்வுக்கூடத்துச் சர்வரில் இருப்பதும் லினக்ஸ்தான்.

ஐந்து ஏடுகள்

லினக்ஸில் வருகை தொடர்பான ஏடுகள் முக்கியமாக ஐந்து.

முதலாவது 'யு-டி-எம்-பி'. இந்த நொடியில் உள்ளே இருப்பவர் யார் என்பதை மட்டும் இது சொல்லும். 'ஹூ' என்ற கட்டளையைக் கொடுத்தால் இந்த ஏட்டைப் படித்துக் காட்டும். வகுப்பில் தலை எண்ணுவதற்கு இதனை ஒப்பிடலாம்.

இரண்டாவது 'டபிள்யு-டி-எம்-பி'. வந்ததும் போனதும் ஒன்றன்கீழ் ஒன்றாக இதில் சேர்ந்துகொண்டே போகும். நம் ஆய்வுக்கூடத்தில் உள்ளவை போன்ற இயந்திரங்களில் ஒரு பதிவுக்கு 384 பைட்டு இடம். 'லாஸ்ட்' என்ற கட்டளை இதனைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படித்துக் காட்டும்.

மூன்றாவது 'பி-டி-எம்-பி'. நுழைய முயன்று தோற்றவர்களின் ஏடு இது. 'லாஸ்ட்-பி' என்ற கட்டளையால் காணலாம். ஒரே பெயரில் நள்ளிரவில் நூறு முறை தோல்வி இருந்தால், யாரோ கதவைத் தட்டிப் பார்க்கிறார்கள் என்று கொள்ளலாம்.

நான்காவது 'லாஸ்ட்லாக்'. ஒவ்வொருவரும் கடைசியாக வந்த நாள் மட்டும் இதில் இருக்கும். ஒரு பெயருக்கு ஒரே வரி. புதிதாக வரும்போது பழைய நாள் அழிந்து புதிய நாள் ஏறும். 'லாஸ்ட்லாக்' கட்டளையுடன் 'பி' என்ற எழுத்தையும் 90 என்ற எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால், 90 நாள்களுக்கு மேல் வராதவர் பட்டியல் வந்துவிடும்.

ஐந்தாவது பாதுகாப்புப் பதிவேடு. மேலே கூறிய நான்கும் இயந்திர மொழியில் இருப்பவை. அவற்றைக் கட்டளை வழியே மட்டுமே படிக்க முடியும். இதுவோ சாதாரண எழுத்தில் இருக்கும். யாரை எந்தக் காரணத்தால் உள்ளே விடவில்லை என்பதையும் இது ஒரு வரியில் குறித்து வைக்கும். இந்த ஐந்தாவது ஏட்டை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் வரும் நிகழ்ச்சிக்கு அது தேவைப்படும்.

ஏடு பொய் சொல்லுமா?

ஏடு பொய் சொல்லாது. ஆனால் முழு உண்மையையும் சொல்லாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலில் நான் 'லாஸ்ட்' கட்டளையை மட்டும் நம்பினேன். பாதி வகுப்பே வராதது போல் பட்டியல் வந்தது. திகைத்துப் போனேன். காரணம் எளியது. இரண்டாம் ஏடு வளர்ந்துகொண்டே போகும் ஆகையால், மாதம் ஒருமுறை அதைக் கழற்றி வைத்துவிட்டுப் புதிய ஏடு போடும்படி லினக்ஸில் வழக்கமாக ஏற்பாடு இருக்கும். பழைய ஏடுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அது அழித்துவிடும். நான் பார்த்தது மாதத்தின் மூன்றாம் நாள். என் கையில் இருந்தது மூன்று நாள் வயதுடைய ஏடு!

அடுத்து 'லாஸ்ட்லாக்' பக்கம் சென்றேன். அதில் 'ஒருபோதும் நுழையவில்லை' என்று ஒரு நீண்ட வரிசை வந்தது. அவை மனிதர்களின் கணக்குகள் அல்ல. அச்சு வேலை, அஞ்சல் வேலை போன்றவற்றுக்காக இயக்க முறைமையே தனக்கு வைத்துக்கொண்ட பெயர்கள். அவற்றை நெடுநாள் வராதவர் என்று எண்ணி நீக்கினால் இயந்திரத்தின் வேலைகளே கெடக்கூடும். பெரும்பாலான லினக்ஸ் பதிப்புகளில் மனிதர்களுக்கான கணக்கு எண் 1000 இல் தொடங்குகிறது. அதற்குக் கீழ் உள்ளவற்றை ஒதுக்கிவிட வேண்டும்.

இன்னும் ஒன்று. எல்லா வாயில்களும் இந்த ஏட்டில் எழுதுவதில்லை. கோப்பு அனுப்புவதற்கு மட்டும் வருபவரும், உள்ளே வந்தபின் 'சு' கட்டளையால் வேறு பெயருக்கு மாறிக்கொள்பவரும் இதில் பதியாமல் போகலாம். ஒரு மாணவி கடவுச்சொல்லை மறந்துவிட்டுத் தோழியின் பெயரிலேயே ஒரு பருவம் முழுதும் பயிற்சி செய்திருந்தார். ஏட்டின்படி அவர் வரவே இல்லை!

இவ்வேடுகளில் நேரம் 32 பிட்டு எண்ணாக எழுதப்படுவதால், 2038 ஜனவரி 19 க்குப் பிறகு அவற்றால் நாளைக் குறிக்க இயலாது. ஆகவே புதிதாக வரும் சில லினக்ஸ் பதிப்புகள் இவற்றுக்குப் பதிலாக வேறு ஏடுகளைக் கொண்டு வந்துள்ளன.

ஆளில்லா வீடு

வராதவர் கணக்கு அதுபாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டுமே, அதனால் யாருக்கு என்ன கெடுதல் என்று நண்பர்கள் கேட்கலாம். நானும் அவ்வாறே கேட்டேன். எங்கள் விரிவுரையாளர் எனக்கு இரண்டு வரலாறுகளைச் சொன்னார்.

முதலாவது, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் நடந்தது. 1986 ஆகஸ்டில் அங்குக் கணிப்பொறிக் கட்டணக் கணக்கில் 75 சென்ட் இடித்தது. ஒரு டாலர்கூட இல்லாத தொகை! அதைத் தேடும் வேலை கிளிபோர்டு ஸ்டோல் என்ற வானியலாளருக்குத் தரப்பட்டது. அவர் தோண்டத் தோண்ட, யாரோ ஒருவன் வெளியிலிருந்து உள்ளே வந்து போவது தெரிந்தது. அப்போது இங்கிலாந்தில் இருந்த ஒருவருடைய கணக்கும் அவன் உடுத்திக்கொண்ட வேடங்களுள் ஒன்று. கணக்கின் சொந்தக்காரர் தினமும் வருபவராக இருந்தால் "நேற்று இரவு நான் வரவில்லையே" என்று சொல்லியிருப்பார். வீட்டில் ஆள் இல்லை, கேட்பாரும் இல்லை. ஸ்டோல் தொலைபேசி இணைப்புகளில் அச்சுப்பொறிகளை மாட்டி, அவன் அடித்த ஒவ்வோர் எழுத்தையும் மாதக்கணக்கில் பதிவு செய்தார். இறுதியில் அவன் அன்றைய மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரத்தவன் என்பதும், திருடிய தகவல்கள் சோவியத் உளவு அமைப்புக்கு விற்கப்பட்டன என்பதும் வெளிப்பட்டன. 1990 இல் அவனும் கூட்டாளிகளும் தண்டிக்கப்பட்டனர். ஸ்டோல் இவ்வரலாற்றை 1989 இல் நூலாகவே வெளியிட்டார்.

இரண்டாவது அண்மைக்காலத்தது. அமெரிக்காவின் டெக்சாஸிலிருந்து கிழக்குக் கடற்கரைப் பகுதிக்கு எரிபொருள் கொண்டு செல்லும் கொலோனியல் பைப்லைன் என்னும் குழாய்த் தொடரின் நீளம் சுமார் 5,500 மைல். கிழக்குக் கடற்கரை பயன்படுத்தும் எரிபொருளில் ஏறத்தாழ 45 விழுக்காடு அதன் வழியேதான் செல்கிறது. 2021 மே 7 ஆம் நாள் அது நிறுத்தப்பட்டது. கணிப்பொறிகளை முடக்கிப் பணம் பறிக்கும் கும்பல் ஒன்று உள்ளே புகுந்துவிட்டது. அவர்கள் வந்த வழி, வெளியிலிருந்து நிறுவனத்தின் வலைக்குள் வருவதற்கான ஒரு பழைய கணக்கு. யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. யாரும் அதைப் பூட்டவும் இல்லை. அதன் கடவுச்சொல் வேறெங்கோ கசிந்த பட்டியலில் இருந்தது. கடவுச்சொல்லுக்கு மேல் கைப்பேசிக் குறியீடு போன்ற இரண்டாம் சோதனையும் அதற்கு இல்லை. நிறுவனம் 75 பிட்காயின், அதாவது அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர், கொடுத்தது. குழாய் மீண்டும் இயங்கத் தொடங்கியது மே 12 அன்று. கொடுத்ததில் பெரும்பகுதியை அமெரிக்க அரசு பிறகு மீட்டது.

ஊரில் ஒரு வீடு பூட்டாமல் கிடந்தால் கெடுதல் அந்த வீட்டுக்கு மட்டும் அன்று. திருடன் அதன் வழியே ஏறி அடுத்த வீட்டுக்குப் போவான். ஆளில்லாக் கணக்கும் அவ்வாறே. ஆகவேதான் பணம் செலுத்தும் அட்டைகளுக்கான பாதுகாப்பு விதித்தொகுப்பு, 90 நாள் பயன்படாத கணக்கை நீக்கவோ முடக்கவோ வேண்டும் என்கிறது. சி.ஐ.எஸ். என்னும் அமைப்பின் நெறிகள் 45 நாள் என்கின்றன.

பூட்டும் முறை

கணக்குகளின் பெயர் ஒரு கோப்பிலும், கடவுச்சொல்லின் மறைவடிவம் 'ஷாடோ', அதாவது நிழல், என்ற கோப்பிலும் இருக்கும். நிழல் கோப்பில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு வரி. அந்த வரியில் முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட ஒன்பது கட்டங்கள். பூட்டும் வேலை பெரும்பாலும் இந்தக் கட்டங்களில்தான் நடக்கிறது.

'யூசர்மாட்' கட்டளையுடன் பெரிய 'எல்' கொடுத்தால், மறைவடிவத்தின் முன் ஓர் ஆச்சரியக் குறி வந்து அமர்ந்துகொள்ளும். அதன்பின் எந்தக் கடவுச்சொல்லும் அதனுடன் பொருந்தாது. பெரிய 'யு' கொடுத்தால் அக்குறி எடுபட்டுப் பழைய கடவுச்சொல்லே மீண்டும் வேலை செய்யும். ஒரு குறியால் பூட்டவும் திறக்கவும் முடிவது வியப்பன்றோ?

ஆனால் இது முன்வாசல் பூட்டு மட்டுமே. கடவுச்சொல் இல்லாமல் மறைச் சாவிக் கோப்பைக் கொண்டு நுழையும் வழி ஒன்று உண்டு. அதை ஆச்சரியக் குறி தடுக்காது போகலாம். ஆகவே எட்டாம் கட்டமாகிய கணக்கு முடிவு நாளையும் 1 என்று குறிக்க வேண்டும் என்று கையேடு அறிவுறுத்துகிறது. அக்கட்டத்தில் நாள்கள் 1970 ஜனவரி 1 முதல் எண்ணப்படுகின்றன. 1 என்றால் 1970 ஜனவரி 2. நேற்று வரை உயிரோடிருந்த கணக்கு, நாம் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே முடிந்துபோனதாக இயந்திரம் கருதிவிடும்!

ஏழாம் கட்டம் பலரை ஏமாற்றுவது. அதற்கு 'செயலின்மை நாள்கள்' என்று பெயர். அதில் 90 என்று எழுதினால், 90 நாள் வராதவர் தாமாகப் பூட்டப்படுவார் என்று நானும் எண்ணினேன். அது தவறு. கடவுச்சொல்லின் ஆயுள் முடிந்தபின் அதை மாற்றிக்கொள்ள இன்னும் எத்தனை நாள் பொறுப்பது என்பதையே அது குறிக்கிறது. கடைசியாக வந்த நாளுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. கடவுச்சொல்லுக்கு ஆயுளே வைக்காத இயந்திரத்தில் அக்கட்டத்தால் ஒரு பயனும் இல்லை. வராத நாளைக் கணக்கிட்டுப் பூட்ட வேண்டுமானால் 'லாஸ்ட்லாக்' ஏட்டைத்தான் நாட வேண்டும்.

கணக்கை அழிப்பது பூட்டுவதினும் வேறு. அழித்தால் கோப்புகளும் போகும். கோப்புகளை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் அழித்தாலும் ஓர் ஆபத்து உண்டு. கோப்பின் மேல் எழுதியிருப்பது உரியவரின் பெயர் அன்று, எண். அதே எண் நாளை வேறொரு புதிய மாணவருக்குக் கிடைத்தால், பழையவருடைய கோப்புகளுக்கெல்லாம் அவர் உரிமையாளர் ஆகிவிடுவார்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் நடந்தது

இவ்வளவும் படித்துக்கொண்டு, பிப்ரவரி இறுதியில் நான் பட்டியல் தயாரித்தேன். 45 க்கும் 90 க்கும் இடையில் 60 நாள் என்று எல்லை வைத்துக்கொண்டேன். படித்து முடித்துச் சென்றவர்கள், இடையில் நின்றவர்கள் எனப் பல பெயர்கள் வந்தன. விரிவுரையாளர் என்னை நம்பிப் பட்டியலுக்கு ஒப்புதல் தந்தார். அவர் அருகில் இருக்க, நான் ஒவ்வொன்றாக முடிவு நாளைக் குறித்தேன். அழிக்க மட்டும் அவர் இசையவில்லை. "பூட்டுனா போதும்ப்பா, ஒரு வருஷம் கிடக்கட்டும்" என்றார். அது எவ்வளவு நல்லதாயிற்று என்பது பின்னரே தெரிந்தது.

அப்பட்டியலில் என் வகுப்புத் தோழன் ஒருவன் பெயரும் இருந்தது. மார்கழியில் அவன் தந்தை சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தது. மூத்த மகன் அவன்தான். அன்று முதல் கட்டட வேலைக்குச் சென்றுகொண்டிருந்தான். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், பட்டியலில் அவன் பெயர் ஓர் எண்ணாக வந்தபோது என் விரல் நிற்கவில்லை. விதி விதிதானே என்று கடந்துவிட்டேன்.

மார்ச் முதல் வாரத்தில் ஒரு நாள் பிற்பகல், வழக்கம் போல் பாதுகாப்புப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலை 10:40 க்கு அவன் பெயர். கணக்கு முடிந்துவிட்டதால் அனுமதி இல்லை. 10:41 க்கு மறுபடியும். 10:43 க்கு மறுபடியும். அதன்பின் ஒன்றும் இல்லை.

அவன் கல்லூரிக்கு வந்திருக்கிறான் என்று அப்போதுதான் அறிந்தேன். எங்கள் வகுப்பு அப்போது வேறு கட்டடத்தில் இருந்ததால் ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. துறையிலும் அவன் யாரையும் சந்திக்கவில்லை. ஓடிச்சென்று பேருந்து நிறுத்தத்தில் அவனைக் கண்டேன். அவன் ஊருக்கு மூன்றரை மணிக்குத்தான் பேருந்து. அதனால் அகப்பட்டான்.

"ஏன்டா யாரையும் பாக்காம போற?" என்றேன்.

"பேரை எடுத்துட்டாங்கடா. எக்ஸ்பயர்டுன்னு போட்டிருக்கு. மாத்திரைக்கும் செத்தவங்களுக்கும்தான் அப்படிப் போடுவாங்க. இதுக்கு மேல யாரைப் பாத்து என்ன கேக்குறது?" என்றான்.

இயந்திரம் காட்டிய வாசகம் ஆங்கிலத்தில் இருந்தது. உங்கள் கணக்கு காலாவதியாகிவிட்டது, நிர்வாகியைப் பாருங்கள் என்பதே அதன் பொருள். கணிப்பொறியில் பழகியவருக்கு அது ஒரு சாதாரணச் செய்தி. ஆனால் வருகைக் குறைவுக்குக் கட்டணம் கட்டித் தேர்வு எழுத முடியுமா என்று கேட்க, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவனுக்கு, கல்லூரியே கதவைச் சாத்தியதாகத் தோன்றியது. அவன் வீட்டிலும் கல்லூரி முறைகளைத் தெரிந்து எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை. என் வீட்டில் இல்லாதது போலவே.

பூட்டியவன் நான்தான் என்று அங்கேயே சொன்னேன். சற்று நேரம் அவன் ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னுடன் திரும்பி வந்தான். விரிவுரையாளர் ஒரே கட்டளையில் கணக்கைத் திறந்தார். பழைய கடவுச்சொல்லாலேயே அவன் நுழைந்தான். டிசம்பரில் பாதியில் விட்ட நிரல் அப்படியே இருந்தது. வருகைக் குறைவுக்கும் துறைத் தலைவர் வழி சொன்னார். செய்முறைத் தேர்வை எங்களோடுதான் எழுதினான்.

அவன் சென்றபின் விரிவுரையாளர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "ஆப்சென்ட் யாரு வேணும்னாலும் போடலாம்ப்பா. ஏன் வரலைன்னு கேக்குறதுதான் நம்ம வேலை" என்று மட்டும் சொன்னார்.

வங்கி தரும் பாடம்

பூட்டுவது தவறா எனின், அன்று. இதற்கு என் தாயாரின் கணக்குப் புத்தகமே சான்று. நிலக்கடலை உடைக்கும் ஆலையில் வேலை செய்த காலத்தில் அவர் நகரத்து வங்கி ஒன்றில் சிறிது சிறிதாகப் பணம் சேர்த்தார். நான் கல்லூரியில் சேரும் வரை அதைத் தொடுவதில்லை என்பது அவர் வைராக்கியம். சேர்க்கை நாளுக்கு முன் வங்கிக்குச் சென்றபோது, கணக்கு செயல்படாமல் இருக்கிறது, ஆதார் நகலும் புகைப்படமும் கொண்டு வாருங்கள் என்றனர். பணமே போயிற்றோ என்று அம்மா கலங்கிப்போனார். இரண்டு நாள் கூலி போனது உண்மை. ஆனால் பணம் ஒரு காசும் குறையவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளர் போடவோ எடுக்கவோ இல்லையெனில் கணக்கைச் செயல்படாதது என்று வகைப்படுத்துவது ரிசர்வ் வங்கியின் விதி. யாரோ ஒருவர் சத்தமில்லாமல் எடுத்துச் செல்லாதிருக்கவே அந்தப் பூட்டு. பத்தாண்டு கடந்த பணம் ஒரு தனி நிதிக்கு மாற்றப்பட்டாலும், உரியவர் வந்து கேட்டால் திரும்பக் கிடைக்கும்.

2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளில் ரிசர்வ் வங்கி மேலும் சில சலுகைகளைச் சேர்த்தது. கணக்கை மீண்டும் இயக்கக் கட்டணம் வாங்கக் கூடாது. அதற்கான அடையாள ஆவணங்களை எந்தக் கிளையிலும் கொடுக்கலாம். உதவித்தொகை பெறும் மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட கணக்குகளை, இரண்டாண்டு இயங்கவில்லை என்பதற்காகச் செயல்படாதவை என்று ஒதுக்கக் கூடாது. பூட்டு வேண்டும், ஆயின் திரும்பி வரும் வழி எளிதாகவும், அது அனைவருக்கும் தெரிந்ததாகவும் இருக்க வேண்டும் என்பதே இவற்றின் உட்பொருள்.

எல்லா இடத்திலும் இப்படி அன்று. கூகுள் நிறுவனம் 2 ஆண்டு பயன்படாத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்று 2023 மே மாதம் அறிவித்தது. சான்றிதழ் நகல்களை அத்தகைய கணக்கில் வைத்துவிட்டு மறந்திருக்கும் நண்பர்கள் அவ்வப்போது ஒருமுறை நுழைந்து பார்த்துக்கொள்வது நல்லது.

முடிவுரை

இந்நிகழ்ச்சிக்குப் பிறகு எங்கள் ஆய்வுக்கூடத்தில் சில முறைகளை வகுத்துக்கொண்டோம். கணிப்பொறி தரும் பட்டியலை, துறையின் மாணவர் பதிவேட்டுடன் ஒப்பிட்ட பிறகே எதையும் செய்வது. மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் சென்றவர் கணக்கை ஒரு மாதத்தில் பூட்டுவது. பதிவேட்டில் பெயர் உள்ளவர் 90 நாள் வராவிட்டால், முதலில் அவரிடமோ அவர் தோழரிடமோ கேட்பது. கேட்டபின் தேவையானால் பூட்டுவது. ஓராண்டுக்குள் எதையும் அழிப்பதில்லை. அனுமதி மறுக்கப்பட்டோர் பெயர்களை நாள்தோறும் பார்ப்பது. ஏனெனில் அவர்களில் திருடனும் இருக்கலாம், திரும்பி வந்தவனும் இருக்கலாம்.

இவற்றோடு, ஒவ்வொரு முனையத்தின் அருகிலும் தமிழில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். 'உங்கள் கணக்கு திறக்கவில்லை என்றால் அது பூட்டப்பட்டிருக்கலாம். உங்கள் பெயர் நீக்கப்பட்டதாகப் பொருள் இல்லை. உங்கள் கோப்புகள் பத்திரமாக உள்ளன. ஆய்வுக்கூட உதவியாளரைப் பாருங்கள்' என்பது அதில் உள்ள வாசகம். எழுதியவன் நான், அதில் பிழை திருத்தி, 'பத்திரமாக' என்ற சொல்லைச் சேர்த்தவன் அந்த நண்பன்.

கணிப்பொறி வராதவனைக் கண்டுபிடித்துத் தரும். ஏன் வரவில்லை என்பதை மனிதன்தான் கேட்க வேண்டும். இப்பாடத்தை எனக்குக் கற்பித்த விரிவுரையாளர் அவர்களுக்கும், அதை எழுத இசைவு தந்த நண்பனுக்கும் என் நன்றி.